ஸ்தோத்திரம்

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறும்போது பக்கத்துக் கட்டில்காரர் "அம்மா!" என்று அலறுவார். "ஸ்தோத்திரம் அப்பா" என்று முனகுகிற பாட்டியையும் அதே வார்டில் பார்க்கலாம். வலிக்குத் துதியா?

வேர் வடமொழி: 'ஸ்து', புகழ்தல். முதலெழுத்தாக மெய் வருவது தமிழ் மரபுக்கு ஒவ்வாது, ஆகவே தோத்திரம். சைவர்கள் திருமுறைகளைத் தோத்திரம் என்றும் மெய்கண்ட நூல்களைச் சாத்திரம் என்றும் பிரிப்பார்கள். அங்கே அது பாட்டு. கிறிஸ்தவர் வாயில் வணக்கமும் ஆயிற்று, போனை எடுத்ததுமே "ஸ்தோத்திரம் பாஸ்டர்!"

நன்றி என்ற பொருளும் உண்டு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், 5ஆம் அதிகாரம்: நன்றி செலுத்துவதற்கான கிரேக்க வினை இருக்கும் இடத்தில் பழைய தமிழ் வேதாகமம் ஸ்தோத்திரத்தைத்தான் போட்டிருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப்படுவது கூட வரும் வேற்றுமை உருபு. அந்த வசனத்தில் 'எல்லாவற்றுக்காகவும்' இல்லை, 'எல்லாவற்றிலேயும்'தான். ஏழாம் வேற்றுமை. கிரேக்கத்திலும் இடப்பொருள்தான். புற்றுநோய்க்காக நன்றி சொல்லச் சொல்லவில்லை. அதற்குள் கிடந்தபடி சொல்லச் சொல்கிறது. பிரசங்கிகள் சிலர் இந்த உருபை விழுங்கிவிடுவார்கள்.

பாட்டிக்கு இலக்கணம் தெரியாது. நர்ஸ் மறுபடி நரம்பைத் தேடித் தட்டுகிறார். பாட்டி கண்ணை மூடிக்கொள்கிறார், உதடு அசைகிறது.