மாற்றார் கூற்றும் ஆழ்சிந்தனையும்

இந்திய மெய்யியல் நூல்களின் அமைப்பை நோக்குவார்க்கு முதலில் புலப்படுவது, ஆசிரியன் தன் கொள்கையை நிறுவுமுன் மாற்றான் கொள்கையை எடுத்துரைப்பதாகும். வடநூலார் இதனைப் பூர்வபட்சம் என்பர். பவணந்தியாரும் நன்னூல் கூறும் எழுவகை மதங்களுள் ஒன்றாக, பிறர் கொள்கையை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதலை வைத்தார். மறுத்தல் அங்குத் தனியே எண்ணப்பட்டுள்ளது. வெறும் மறுப்பு வேறு, உட்புகுந்து ஆராய்ந்து களைதல் வேறு என்னும் தெளிவு இலக்கண நூலார்க்கு இருந்தது என்பது இதனால் பெறப்படும். ஆழ்ந்த சிந்தனை பிறவிக் கூர்மையால் மட்டும் அமைவதன்று. இத்தகைய பயிற்சியால் வளர்க்கப்பட்டது என்பதற்கு நூற்சான்றுகள் பல உள.

நியாய சூத்திரம் வாதம், சல்பம், விதண்டை என உரையாடலை மூன்றாகப் பகுத்தது. உண்மை காண்பது வாதம். வெற்றி ஒன்றையே குறிப்பது சல்பம். தன் கொள்கை நிறுவாது பிறர் கொள்கையை அழிப்பது விதண்டை. 7ஆம் நூற்றாண்டில் நாலந்தாவில் பயின்ற யுவான் சுவாங், வாயிற்காவல் அறிஞரின் வினாக்களுக்கு விடையிறுக்க இயலாமல் பதின்மரில் எழுவர் எண்மர் திரும்பினர் என்று குறித்துள்ளார்.

தமிழில் இதற்குச் சிறந்த சான்று மணிமேகலையாகும். 'சமயக்கணக்கர் தம் திறங்கேட்ட காதை'யில் வைதிகர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர் முதலியோர் தத்தம் கொள்கையைத் தாமே கூறுகின்றனர். பௌத்தக் காப்பியமாயினும், பெரும்பாலான இடங்களில் மணிமேகலை இடைமறித்து வாதிடவில்லை, கேட்கிறாள். காட்சியொன்றையே அளவையாகக் கொண்ட பூதவாதியிடம் மட்டும், தாய் தந்தையரைக் கருதலளவையால் அன்றி எங்ஙனம் அறிவாய் என வினவி நகைக்கிறாள். அளவை இலக்கணமும் ஏதுப்போலிகளும் அவளுக்குக் கற்பிக்கப்படுவது இதற்குப் பின்னரே, 29ஆம் காதையில். கேட்டல் முந்தியும் அளவை பிந்தியும் அமைந்த இவ்வைப்புமுறை தற்செயலாகத் தோன்றவில்லை.

மாற்றார் கூற்றைச் செம்மையாக எடுத்துரைத்த வழக்கம் நூல்களையும் காத்தது. 8ஆம் நூற்றாண்டினரான சாந்தரட்சிதர் தம் தத்துவசங்கிரகத்தில் மீமாஞ்சகர் குமாரிலரின் செய்யுட்களை மிகுதியாக எடுத்தாண்டார். அவற்றுட் சில, மூலநூல் மறைந்த பின் அங்கேயே எஞ்சின. மறைந்துபோன குண்டலகேசியின் வாதங்களை அறிய, அதனை மறுக்க எழுந்த நீலகேசியே பெருந்துணை.

எனினும் எதிரி அவையில் இருக்கும்வரைதான் இம்முறை வலிமை பெற்றது. தம் கூற்றுத் திரிக்கப்பட்டால் மறுத்துரைக்க ஆள் இருந்தது. 13ஆம் நூற்றாண்டின் சிவஞான சித்தியார் பரபக்கம் பதினான்கு சமயங்களை எடுத்து மறுக்கிறது. உலகாயதம் அவற்றுள் முதலாவது. காட்சியளவை மட்டும் கொள்பவன் என்னும் பழைய சித்திரமே அங்கும் காணப்படுகிறது. ஆனால் உலகாயதரெனப் பொதுவாகக் கருதப்படும் சயராசியின் தத்துவோபப்லவசிம்மம் 1940இல் பரோடாவில் அச்சேறியபோது, அதில் காட்சியளவையே கடுமையாக ஐயுறப்பட்டிருந்தது. பல நூற்றாண்டுகள் மறுக்கப்பட்டு வந்த உலகாயதன் ஒருவனாயின், அந்நூல் காட்டும் உலகாயதன் மற்றொருவன்.