மூணு நாள் லேட்டா வந்த சுதந்திரம்

மேற்கு வங்காளத்தில் நதியா மாவட்டத்துச் சின்ன ஊர்கள் சிலவற்றில் கொடியேற்றம் இரண்டு தடவை. ஆகஸ்ட் 15 எல்லோருக்கும், 18 அவர்களுக்கே அவர்களுக்கு. (18 அன்று வங்கி லீவு கிடையாது, அது வேறு விஷயம்!)

1947 சுதந்திரச் சட்டத்தின் தற்காலிகப் பட்டியலில் நதியா, முர்ஷிதாபாத், மால்டா எல்லாமே கிழக்கு வங்காளத்தில் இருந்தன. ராட்கிளிஃப் தீர்ப்பில் ஆகஸ்ட் 12 என்று தேதி போட்டிருக்கிறது. வெளியானதோ 17-ம் தேதி. விழா கெடக்கூடாது என்று மவுண்ட்பேட்டன் தள்ளிப் போட்டாராம். விழா யாருக்கு? கிருஷ்ணாநகரில் அதுவரை பறந்தது பாகிஸ்தான் கொடி. தீர்ப்பில் குஷ்டியா பக்கம் போக மீதி நதியா இந்தியாவுக்கு வந்தது. மறுநாள் மூவர்ணக்கொடி ஏறியது.

குல்னாவில் நேர் எதிர். 15-ல் இந்தியக் கொடி ஏற்றியவர்கள் மூன்றே நாளில் பாகிஸ்தான்காரர்கள். எனக்கு இவர்கள் கதைதான் அதிகம் உறுத்துகிறது.

சிப்நிபாஸ் கிராமத்தில் 1991 முதல் 18-ஐக் கொண்டாடுகிறார்கள். நினைத்த நாளில் கொடியேற்ற அப்போது விதி இடம் தராது, தனி அனுமதி வாங்கினார்கள். 2002-ல் கொடி விதிகள் மாறியதும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எங்கள் பக்கத்து வீட்டு மாஷிமா 15-ம் தேதி டி.வி.யில் செங்கோட்டை பார்ப்பார். பேரன் பேத்திகளை உட்காரவைத்து லூச்சி பொரித்துப் போடுவது 18-ம் தேதிதான். அவர் பிறந்த ஊர் குஷ்டியா.