சித்தாள் என்னும் பெயர்

விடியற்காலையில் நாற்சந்திக்கு ஆள் தேடி வரும் மேஸ்திரி, "ரெண்டு கொத்தனார், மூணு சித்தாள்" என்று கேட்பார். சித்தாள் என்றால் பெண் என்பது அங்கே நிற்கும் எல்லோருக்கும் தெரியும். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் பெண் இல்லை.

சிறுமையும் ஆளும் சேர்ந்து சிற்றாள். பேச்சில் 'ற்ற' என்பது 'த்த' ஆகும். காற்று காத்தானதும் நேற்று நேத்தானதும் இப்படித்தான். சிற்றெறும்பு சித்தெறும்பாகிறது, குற்றாலத்து மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாற்றை ஊரார் சித்தாறு என்கிறார்கள், அப்பாவுக்கு இளையவர் சித்தப்பா. சித்தாளும் இந்த வரிசையில் வந்த சொல். சித்தர், சித்தம் ஆகியவற்றோடு இதற்கு உறவில்லை, அவை வடமொழிச் சொற்கள்.

இந்தப் பெயரில் கூடுதல் பாரம் 'ஆள்' என்ற பாதியில் இருக்கிறது. பழைய தமிழில் ஆள் என்றால் மனிதர் என்பதோடு அடிமை என்றும் பொருள். திருவெண்ணெய்நல்லூர் வழக்கில் சுந்தரரைத் தனக்கு அடிமை என்று நிறுவ முதியவர் வேடத்தில் வந்த சிவன் நீட்டிய பத்திரத்துக்குப் பெரியபுராணம் தரும் பெயர் ஆளோலை. பண்ணையாளும், நெல்லைப் படியால் அளந்து கூலி வாங்கிய படியாளும் அதே வழியில் வந்த சொற்கள். அந்த ஆளிலும் சிறிய ஆள், சிற்றாள்.

சிறியவர் என்றது முதலில் வயதையும் படிநிலையையும் குறித்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கொத்தனாருக்குக் கீழே எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பையன் சிறிய ஆள்தான். இன்றும் சாரத்தின் மீது பையன் அப்படித்தான் தொடங்குகிறான். சாப்பாட்டு வேளையில் கரணையைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். மாமாவோ சித்தப்பாவோ ஒரு வரி செங்கல் வைக்கச் சொல்கிறார். பிறகு தூக்குக்குண்டு, ரசமட்டம், பூச்சு. சில வருடங்களில் அவன் கொத்தனார். பக்கத்தில் கலவை சுமக்கும் பெண்ணிடம் கரணையை யாரும் நீட்டுவதில்லை. இருபது வயதில் சித்தாளாக வந்தவர் ஐம்பது வயதிலும் சித்தாள். அவனுக்கு முதல் படியாக இருந்தது அவருக்கு வாழ்நாள் பெயராகிவிட்டது. ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' என்று கதைக்குப் பெயர் வைத்தபோது, அந்தச் சித்தாள் பெண் என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆண் உதவியாளுக்கு வேறு பெயர்கள் உண்டு. சென்னைப் பக்கம் பெரியாள். தெற்கே நிமிந்தாள், அதாவது நிமிர்ந்த ஆள். கொத்தன் என்ற பெயரோ 'ஆர்' விகுதி பெற்றுக் கொத்தனார் ஆகிவிட்டது. சித்தாளுக்கு அந்த மரியாதை விகுதி இதுவரை ஒட்டவில்லை. கொத்தனார் என்பதற்குப் பெண்பாற் சொல்லும் தமிழில் நிலைபெறவில்லை. பெண் கொத்தனார் என்று அடைமொழி போட்டுத்தான் சொல்கிறோம்.

மேஸ்திரி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். அவர்களுடைய 'மெஸ்த்ரே'க்கு மூலம் லத்தீன் 'மாகிஸ்தர்'. அதன் வேர்ப்பொருள் பெரியவர். அதற்கு இணையாகச் சிறியவர், பணியாள் என்ற பொருளில் லத்தீனில் இருந்த சொல் 'மினிஸ்தர்'. இன்று அமைச்சரைக் குறிக்கும் மினிஸ்டர் அதிலிருந்து பிறந்தது. பணியாளைக் குறித்த சொல் அங்கே ஆட்சிப் பீடம் ஏறியது. சித்தாள் என்ற சொல் ஏறாததற்குக் காரணம் சொல்லில் இல்லை. அந்தப் பெயரோடு வேலை செய்பவர்களை யாரும் மேலே ஏறவிடவில்லை.

பெரியாள், சித்தாள் என்ற பெயர்கள் கூலியையும் தீர்மானிக்கின்றன. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் ஒரே வேலைக்கும் ஒத்த வேலைக்கும் ஆண் பெண் பேதமின்றிக் கூலி தரச் சொன்னது. திறமை, உழைப்பு, பொறுப்பு மூன்றும் சமமாக இருந்தால் அது ஒத்த வேலை. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இவற்றோடு அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டது. பெரியாளும் சித்தாளும் ஒரே மணலை அள்ளி, ஒரே சாரத்தில் ஏறுகிறார்கள். பெயர் இரண்டாக இருப்பதால் வேலையும் இரண்டு என்று மேஸ்திரி சொல்லிவிடுகிறார், கூலியும் இரண்டாகிறது. சட்டத்தை ஏய்க்க இதைவிட எளிய வழி வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. 1996இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் தொழிலாளர் நலனுக்காக வசூலாகிறது. ஓய்வூதியம், விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி எல்லாம் இந்தப் பணத்தில்தான். இந்தச் சட்டங்கள் தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிப் பெற்றவை. ஆனால் நாட்டில் வசூலானதில் பெரும்பகுதி தொழிலாளரைச் சேராமல் கிடப்பதை 2018இல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

சித்தாள் கொத்தனாராக உயரப் பயிற்சி வேண்டும். அதற்கு அரசு தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே சேர எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ தேறியிருக்க வேண்டும், பகலெல்லாம் வகுப்பில் உட்கார வேண்டும். அன்றாடக் கூலியில் அடுப்பு எரியும் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டும் முடியாத காரியம். பெண்களால் சுவர் எழுப்ப முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. கேரளத்து ஏற்றுமானூரில் அர்ச்சனா மகளிர் மையம் பெண்களைக் கொத்தனார்களாகப் பழக்கியது. அகமதாபாத்தில் சேவா அமைப்பு கட்டுமானத் தொழிலாளர்களுக்கென்றே கர்மிகா என்ற பள்ளியைத் தொடங்கியது.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். சித்தாள்களுக்குக் கொத்தனார் பயிற்சி கொடுங்கள். பத்து வருடம் கலவை சுமந்தவருக்கு, அது எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்பது தெரியும். அவரிடம் பள்ளிச் சான்றிதழ் கேட்காதீர்கள். பயிற்சி நாட்களுக்கு முழுக் கூலி கொடுங்கள், வேலை நடக்கும் இடத்திலேயே கற்றுக்கொடுங்கள், தேறியதும் அவருடைய பதிவு அட்டையில் கொத்தனார் என்று எழுதிக் கொடுங்கள்.