வேலிக் கதியாலும் நான்காவது பெருந்தோட்டப் பயிரும்

2005 ஆம் ஆண்டில் இலங்கை அமைச்சரவை, தேயிலை, றப்பர், தென்னை என்பவற்றுக்கு அடுத்ததாகச் சீமைக்கிளுவையை நான்காவது பெருந்தோட்டப் பயிராகப் பிரகடனம் செய்தது. எமது வேலிகளில் கதியாலாக நின்று, ஆட்டுக்குக் குழையும் அடுப்புக்கு விறகும் தந்த அதே மரம்தான். வெட்ட வெட்டத் துளிர்க்கும். காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கும். வறட்சியையும் ஓரளவு தாங்கும். இதன் விறகை எரித்து மின்சாரம் பெறலாம், நிலக்கரியையும் எண்ணெயையும் குறைக்கலாம் என்பதே பிரகடனத்தின் நியாயம். வளிமண்டலக் காபனைக் குறைக்க வெப்பமண்டலத்தில் விரைவாக வளரும் மரங்களை நடவேண்டும் என்று உலகெங்கும் பேசப்படும் காலம் இது. ‘பெருந்தோட்டம்’ என்ற சொல் எமது நாட்டில் எத்தகைய பொருளைச் சுமந்து வந்துள்ளது என்பதை இவ்வேளையில் நோக்குவது அவசியமாகிறது.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ தரிசாகவோ பயிரிடப்படாமலோ கிடந்த நிலம் யாவும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குரியதே என்று அனுமானித்தது. சேனைப் பயிருக்காகச் சில ஆண்டுகள் ஆறவிடப்பட்ட நிலமும், கிராமத்தவர் விறகும் மேய்ச்சலும் பெற்ற காடும் இவ்வாறு ‘வெறும் நிலம்’ ஆயின. அத்தகைய நிலம்தான் தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கோப்பித் துரைமாரிடம் போனது. காட்டை வெட்டியழிக்கத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தோர் 1948 இல் குடியுரிமையையும் இழந்தனர். பெருந்தோட்டக் கணக்கேடுகளில் அழிந்த காட்டுக்கும் இடமில்லை, இம்மக்களின் இழப்புக்கும் இடமில்லை.

1869 இல் தலைகாட்டிய இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது விறகு புதியதொரு பிரச்சினையாயிற்று. ஒரு கிலோ தேயிலையை வாட்டி உலர்த்த ஒன்று முதல் இரண்டு கிலோ வரை விறகு வேண்டும். அருகிலிருந்த காடு முடிந்ததும் தோட்டங்கள் அவுஸ்திரேலியாவின் யூக்கலிப்ரஸை நடத் தொடங்கின. ஆகவே விரைவாக வளரும் அந்நிய மரத்தை எரிபொருளுக்காக நடுவது மலையகத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம். காடு இருந்த நிலத்தில் நடப்பட்ட இம்மரங்கள், அக்காடு சேமித்து வைத்திருந்த காபனில் ஒரு பகுதியைத்தான் மீளப் பிடித்தன.

காபனுக்காக மரம் நடும் யோசனையை 1977 இல் பௌதிகவியலாளர் ஃபிறீமன் டைசன் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். விரைவாக வளரும் மரங்களைப் பெருமளவில் நட்டு, மாற்றுச் சக்திக்கு மாறும்வரை அவகாசம் தேடிக்கொள்வதே அவரது கருத்து. இன்று சேமிப்பும் எரிசக்தியும் ஒரே மூச்சிற் பேசப்படுகின்றன. இவை இரு வேறு கணக்குகள். உலர்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன். மரம் நிற்கும்வரை அது சேமிப்பு. வெட்டி எரித்தால் அக்காபன் காற்றுக்கே திரும்பிவிடும். எரிக்காமல் விடப்பட்ட நிலக்கரி மட்டுமே அப்போது இலாபம். ஒரே விறகை இரு பக்கத்திலும் வரவு வைக்கமுடியாது. நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வரும் பெட்டிகளிலும் ‘காபன் நடுநிலை’ என்று அச்சிடப்பட்டுள்ளது. எந்த ஊர் மரத்தின் பெயரால் என்று அதில் எழுதியிருப்பதில்லை.

பிலிப்பைன்ஸின் அனுபவம் இங்கு குறிப்பிடத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் மார்க்கோஸ் ஆட்சி இப்பில் இப்பில் மரத்தை நம்பிப் பல விறகு மின்நிலையங்களைத் திட்டமிட்டது. கட்டப்பட்டவை மிகச் சில. அவற்றுக்கும் விறகு போதவில்லை. 1985 அளவில் சாறுறிஞ்சும் பூச்சியொன்று அம்மரத்தைத் தாக்கி ஆசியாவெங்கும் பரவியது. வேலியில் நாலு இப்பில் இப்பில் வைத்திருந்தவனுக்கு அது ஒரு தொல்லை. அதையே பயிராக நம்பியவனுக்கோ பேரிழப்பு.

இலங்கைக்கு வருவோம். ஓர் அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர் விறகு என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 10 மெகாவாற் நிலையம் ஆண்டில் 7,000 மணிநேரம் இயங்க 70,000 தொன் வேண்டும். ஹெக்டெயருக்கு 10 தொன் கிடைத்தால் 7,000 ஹெக்டெயர். இந்நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் விரல்கள் உலர்வலயத்தையே சுட்டும். அங்கேதான் வன்னியும் இருக்கிறது. யுத்தத்தால் மக்கள் விட்டோடிய வயலும் மேட்டு நிலமும் பல்லாண்டுகளாகப் பற்றை மூடிக் கிடந்தன. 2009 இன் பின் மீளச்சென்ற பலர் தமது காணிகளில் வனத் திணைக்களத்தின் எல்லைக்கற்களைக் கண்டனர். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அப்பற்றை காடாகத் தெரியலாம், தரிசாகவும் தெரியலாம். எப்படித் தெரிந்தாலும் அங்கு மனிதர் தெரிவதில்லை. 1840 இன் அனுமானம் புதிய கருவிகளோடு வந்திருக்கிறது.

மரமே வேண்டாம் என்பது எனது வாதமல்ல. சீமைக்கிளுவைக்காகத் தொடர்ந்து வாதாடிய பொறியியலாளர் றே விஜேவர்த்தன அதைத் தென்னை வரிசைகளின் இடைவெளியில் வளர்த்துக் காட்டினார். திருகோணமலையில் டோக்கியோ சீமெந்து நிறுவனத்தின் 10 மெகாவாற் நிலையம் உமியோடு, சிறு விவசாயிகளிடம் வாங்கிய சீமைக்கிளுவை விறகையும் எரித்தது. யாழ்ப்பாணத்து வேலி இதற்கும் முந்திய பாடம். பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் எல்லை காத்தன. குழை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டது. தடி அடுப்புக்குப் போனது. புதிதாக ஒரு பரப்பு நிலமும் அதற்குத் தேவைப்படவில்லை. எப்போது வெட்டுவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்தனர். அமைச்சரவை இதனை ஊக்குவித்திருந்தால் ‘பெருந்தோட்டம்’ என்ற சொல்லே வேண்டியிருக்காது.

எம்மவருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கப்படலாம். ஒன்ராறியோவின் அற்றிக்கோக்கன் மின்நிலையம் 2012 இல் நிலக்கரியைக் கைவிட்டு, 2014 இல் மரத்துகள் வில்லைகளுக்கு மாறியது. நாம் வீடு வாங்கியிருக்கும் பிறம்ரன், 1818 இல் மிசிசாகா மக்கள் உடன்படிக்கையொன்றின் கீழ் இழந்த நிலத்தில் நிற்கிறது. வெறும் நிலம் என்ற கதை எமக்கு மட்டும் உரியதல்ல. ஊரிற் காணியுள்ள பலர் அதைப் பராமரிக்க ஆளின்றி இங்கிருக்கிறோம். நாளை ஒரு நிறுவனம் குத்தகைப் பத்திரத்தோடு வந்து, மரம் நட்டுக் காபன் வரவு தருகிறோம் என்றால் என்ன சொல்லப்போகிறோம்? அக்காணியில் இன்று ஆடு மேய்ப்பவரிடமும் விறகு பொறுக்குபவரிடமும் முதலிற் கேட்பதா, பிறகு சொல்வதா? இது குறித்து வாசகர்கள் எழுதவேண்டும். மலையகத்திலிருந்து வந்தோரின் கருத்து இங்கு முக்கியமானது. பெருந்தோட்டம் என்றால் என்னவென்று எம்மிலும் நன்கறிந்தவர்கள் அவர்கள்.