அறிவும் அருளும்

அறிவுடைமைக்குத் தனியதிகாரம் வகுத்த வள்ளுவர், பிறர் நோயைத் தம் நோயாக எண்ணாதார்க்கு அறிவினால் விளையும் பயன் யாது என்னும் வினாவை அவ்வதிகாரத்தில் வைத்திலர், இன்னாசெய்யாமையில் வைத்தார். அறிவு அருளைத் தானே ஈன்றுவிடும் என அவர் நம்பவில்லை போலும். கல்விக்குப் பெயர்பெற்ற யாழ்ப்பாணத்தின் வரலாறும் அந்நம்பிக்கையைத் தருவதாயில்லை.

வற்றாத ஆறில்லாதது எமது குடாநாடு. மழைநீர் சுண்ணக்கற்பாறையில் ஊறி நிலத்தடியில் தங்குகின்றது. கிணறே இங்கு உயிர். புத்தூர் நிலாவரைக் கிணற்றைக் காணவரும் மாணவர்க்கு, மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்கும் காரணத்தை ஆசிரியர் விளக்குவர். நிலத்தின் கீழே நீருக்கு வேலியில்லை. நிலத்தின் மேலோ, துலாக்கயிற்றைத் தொடும் உரிமை குலத்தால் அளக்கப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் குடத்துடன் கிணற்றுக்கு அப்பால் காத்துநின்றனர்; எவரேனும் அள்ளி வார்த்தாற்றான் அன்றைக்குத் தண்ணீர். வார்த்தவரிடம் இரக்கம் இருந்திலது என்றல் தகாது. ஆயின், இவர் கையிற் கயிறு ஏன் இல்லை என்னும் வினா அவ்விரக்கத்தினின்று எழவில்லை. அதனை எழுப்புதல் அறிவின் தொழில்.

எழுப்பினோரும் இருந்தனர். 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்று, தீண்டாமையைக் கண்டித்தது. சமபோசனத்தைச் சொல்லளவில் நிறுத்தாது செயலிற் காட்டியது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அதுவே. அதனை நடத்திய ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்தவர். ஆயினும் 1930ஆம் ஆண்டளவில் பாடசாலைகளிற் சமாசனம் வழங்குமாறு அரசு பணித்தபோது, அதனை எதிர்த்து மனு வரைந்தோர் கல்லாதவரல்லர். நன்கு கற்றவரே நயம்பட வரைந்தனர்.

1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சமூகக் குறைபாடுகளை விதித்தலைக் குற்றமாக்கியது. பதினோராண்டு கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்டோரைத் தடுத்து நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போர்டிற் கற்றவர், இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியர், அமைச்சராகவும் விளங்கியவர். அவர்தம் நுண்ணறிவை ஐயுறுவார் எவருமிலர். நீதிமன்று அவரைக் குற்றவாளியெனக் கண்டபோது, வழக்கை இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை கொண்டுசென்றார், ஆங்கும் தோற்றார். ஒருவன் வாயிலைக் கடத்தலாகாது என்பதை நிறுவுதற்கு அத்துணைப் பேரறிவு செலவாயிற்று! பேரின்பநாயகத்தையும் இவரையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். இருவர்க்கும் அறிவிற் குறையில்லை. வாயிலுக்கு வெளியே நிற்பவன் ஒருவர்க்குத் தெரிந்தான், மற்றவர்க்குத் தெரிந்திலன். அருள் காட்டாத பொருளை அறிவு ஆராய்வதில்லை. பழகிய வழக்கத்துக்கு நியாயந் தேடிக் கொடுத்து அமைந்துவிடுகின்றது.

எமது புத்தூரைப்பற்றியும் ஒன்று சொல்லுதல் வேண்டும். சைவமுந் தமிழும் தழைத்த ஊரென்று நாம் பெருமை பேசுதல் வழக்கம். பெருமைக்குக் காரணமும் உண்டு. அவ்வூரிலேதான், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட எம் பிள்ளைகள் எழுத்தறிதற்பொருட்டு, பௌத்தர்களின் துணைகொண்டு ஒரு பாடசாலை எழ நேர்ந்தது.