கடலும் ஒரு தோட்டம்தான்

பேரா மாநிலத்தின் செல்வம் பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த ஈயம். மற்றொன்று, தோட்டப்புறங்களில் சீவி எடுத்த ரப்பர் பால். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. எடுத்த ஈயம் திரும்ப வளராது. சீவிய பட்டையோ சில ஆண்டுகளில் மீண்டும் வளரும். அப்படியானால், கடலில் இருக்கும் மீன் எந்த வகை? ஈயமா, ரப்பரா?

அளவோடு பிடித்தால் அது ரப்பர். அளவு மீறினால் அதுவே ஈயம். பேரா கடற்கரையின் வரலாறு சொல்லும் பாடம் இதுதான்.

அளவு பார்த்து எடுப்பது பேரா மக்களுக்குப் புதிதல்ல. கத்தி ஆழமாக இறங்கினால் பால்மரம் புண்படும் என்பது தோட்டத்தில் வேலை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அதனால்தான் ஒரு மாதத்தில் எவ்வளவு பட்டை செலவாகிறது என்று மேற்பார்வையாளர்கள் அளந்து பார்த்தார்கள். தைப்பிங் அருகேயுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டிலும் அதே ஒழுங்குதான். சுமார் 40,000 ஹெக்டர் பரப்புள்ள அந்தக் காடு 1900களின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பராமரிக்கப்படுகிறது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால், மறுபடி அங்கே வெட்ட ஏறக்குறைய 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கோலா செப்பத்தாங் கரிச்சூளைகள் இன்றும் எரிவதற்கு அந்தப் பொறுமையே காரணம்.

ஆனால், அந்தக் காட்டை ஒட்டிய கடலில் யாரும் அப்படி அளவு பார்க்கவில்லை. கடல் வற்றாதது என்ற நம்பிக்கை உலகெங்கும் இருந்தது. 1883-இல் இலண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில், பெரிய கடல் மீன்வளங்களை மனிதன் தீர்த்துவிட முடியாது என்றே புகழ்பெற்ற அறிவியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி பேசினார். அவர் காலத்துப் படகுகளுக்கு அது ஓரளவு பொருந்தியிருக்கலாம். பின்னால் வந்த இயந்திரப் படகுகளுக்குப் பொருந்தவில்லை.

கடலின் அடித்தரையை வாரிச் செல்லும் இழுவை வலை 1960களில் தாய்லாந்தில் பரவியது. அதே பத்தாண்டில் மலாக்கா நீரிணைக்கும் வந்து சேர்ந்தது. கரையோரத்தில் சிறு வலை விரித்துப் பிழைத்தவர்களின் வலைகள் அறுந்தன, பிடிப்பு குறைந்தது. கோபம் மோதலாக வெடித்தது. 1964 முதல் 1976 வரை தீபகற்பத்தின் மேற்குக் கரையில் நடந்த மோதல்களில் படகுகள் எரிக்கப்பட்டன. 34 மீனவர்கள் உயிரிழந்தனர்.

கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் அவசரமானது. மரத்தை எண்ணலாம், நீந்தும் மீனை எப்படி எண்ணுவது? 1970களின் தொடக்கத்தில் மீன்வள இலாகா ஆய்வுப் படகுகளைக் கொண்டு அளக்கத் தொடங்கியது. குறிப்பிட்ட நேரம் வலையை இழுப்பார்கள். வலை வாயின் அகலத்தையும் படகு சென்ற தூரத்தையும் பெருக்கினால், வாரிய பரப்பு கிடைக்கும். அகப்பட்ட மீனின் எடையை அந்தப் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர கிலோமீட்டரில் எவ்வளவு மீன் உள்ளது என்பதை ஓரளவு கணிக்கலாம். அதே இடங்களில் சில ஆண்டுகள் கழித்து மீண்டும் இழுத்தால், இருப்பு கூடியதா, குறைந்ததா என்பது தெரிந்துவிடும்.

அடுத்த கேள்வி, எவ்வளவு பிடிக்கலாம் என்பது. மில்னர் ஷேஃபர் என்ற அமெரிக்க அறிஞர் 1954-இல் இதற்கு ஒரு கணக்கு முறையை வகுத்தார். ஆண்டுதோறும் புதிதாக வளரும் மீன் வட்டி போன்றது. வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது. நம் நாட்டில் இந்த முறையைக் கையாண்டவர்களில் மீன்வள ஆய்வாளர் பதஞ்சலியும் ஒருவர். 1950களில் கிராங் வளர்ப்பைப் பற்றி எழுதிய அவர், 1977-இல் லாம் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து பினாங்கு இழுவைப் படகுகளின் நிலையான பிடிப்பளவைக் கணித்து எழுதினார்.

கணக்கு தந்த விடை கசப்பானது. 1971-இல் மலேசியக் கடலில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2.56 டன்னாக இருந்த அடித்தரை மீன், 2007-இல் 0.21 டன்னாகச் சுருங்கியது. அதாவது 92 விழுக்காடு வீழ்ச்சி!

மீன் இப்படிக் குறைந்தும் சந்தையில் மீன் கிடைத்ததே, எப்படி? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். படகுகள் பெருகின, இயந்திரங்கள் பெருத்தன, தொலைவுக்குப் போனார்கள், வளராத குஞ்சுகளையும் வாரினார்கள். மொத்தப் பிடிப்பு ஏறும்போதே கடலின் இருப்பு இறங்கலாம். ஒரு படகு ஒரு மணி நேரத்தில் பிடிப்பது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை புரியும்.

குளிர்க்கடல் நாடுகள் ஒவ்வொரு மீனுக்கும் இத்தனை டன் என்று வரம்பு வைக்கின்றன. இங்கே ஒரே இழுப்பில் பல வகை மீன்கள் சேர்ந்து வருவதால் அது கடினம். எனவே, மலேசியா படகுகளுக்கு வரம்பு வைத்தது. 1980களில் கடல் மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டது. கரையிலிருந்து 5 கடல் மைல் வரை சிறு மீனவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. 1985-இல் புதிய மீன்வளச் சட்டம் வந்தது. குஞ்சுகள் தப்பிக்க, இழுவை வலையின் பைக்கண் 38 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்ற விதியும் உண்டு. ஆனால், இரவில் கரையோரம் நுழையும் ஒரு படகு போதும், விதி ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

கணக்குப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடா சாட்சி. நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் இருப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். 1992-இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. 30,000 பேருக்கு மேல் வேலை இழந்தனர்.

இது மீனவரின் கவலை மட்டுமல்ல. தோட்டத்து லயங்களில் ஏழைக் குடும்பங்களின் சோற்றுக்குத் துணை நின்றது நெத்திலியும் கருவாடும்தான். தோட்டங்களை விட்டு ஈப்போவுக்கும் சித்தியவானுக்கும் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று சந்தையில் கெம்போங் மீனின் விலையைக் கேட்டுத் தயங்குகிறார்கள்.

கிந்தாவில் ஈயம் எடுத்த பள்ளங்கள் இன்று குளங்களாகக் கிடக்கின்றன. அங்கே ஈயம் மறுபடி முளைக்கப் போவதில்லை. கடலுக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. முதல் முழுவதும் கரைவதற்குள் கையை இழுத்துக்கொண்டால், மீன் மறுபடி பெருகும்.