அடுப்பும் ஊர்த் தொழிலும்



அரசர்களின் போர்களையும் பட்டமேற்ற ஆண்டுகளையும் நாம் வரலாறு என்று படிக்கிறோம். மனிதன் நாள்தோறும் மூட்டும் அடுப்புக்கு வரலாற்று நூல்களில் ஒரு பக்கமேனும் கிடைப்பது அரிது. ஆயினும் அடுப்புக்கும் வரலாறு உண்டு. அதனுள் அறிவியலும் உண்டு, பிழைப்பும் உண்டு. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நான் ஆசிரியப் பணி புரிந்த கனகம்மாசத்திரம், சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் திருத்தணிக்கு முன்னே அமைந்த ஊர். திருத்தணிப் பகுதி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இருபுறத்து வீடுகளிலும் எரிந்தது ஒரே மண்ணடுப்புத்தான். தமிழர் அதனை அடுப்பு என்றனர். தெலுங்கர் பொய்யி என்றனர். புகைக்கு மொழி வேறுபாடு இல்லை. காலையில் கண் சிவந்து வகுப்புக்கு வரும் சிறுமியரை நான் பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன். அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பெதற்கு என்று ஒரு பழம்பேச்சு உண்டு. அடுப்பு ஊதியதாலேயே அவர்கள் படிப்பு கெட்டது என்பதுதான் உண்மை.

புகை ஏன் எழுகிறது? விறகுக்குப் போதிய காற்றும் வெப்பமும் கிடைக்காதபோது அது முற்றும் எரிவதில்லை. எரியாத பகுதியே புகையாக வெளியேறுகிறது. பழைய மூன்று கல் அடுப்பில், விறகின் வெப்பத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடே பாத்திரத்தைச் சேரும், எஞ்சியது வீணாகும். இதனை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். முதல் வாயில் எரியும் தழலின் மிச்சத்தை அருகில் உள்ள இரண்டாம் வாய்க்குச் செலுத்தும் கொடியடுப்பு அவர்கள் கண்ட சிக்கனமே. ஆனால் புகையை வெளியேற்றும் வழி அதில் இல்லை. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, வீட்டினுள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் இறந்தனர்.

புகையை வெளியேற்றும் முயற்சி நம் நாட்டில் விடுதலைக் காலத்திலேயே தொடங்கிற்று. காந்தியடிகள் 1934ஆம் ஆண்டு அனைத்திந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதன் செயலாளராக அமர்ந்து பணியாற்றியவர், தஞ்சையில் 1892ஆம் ஆண்டு பிறந்த தமிழர் ஜே. சி. குமரப்பா. வார்தாவில் சங்கத்தின் இருப்பிடமான மகன்வாடியில் 1947ஆம் ஆண்டளவில் உருவானது ‘மகன் சூலா’ என்னும் புகைபோக்கி அடுப்பு. பின்னர் ஐதராபாத்துப் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு மற்றொரு புகையில்லா அடுப்பை அமைத்தார். அதனை விளக்கும் அவருடைய சிறுநூல் 1953ஆம் ஆண்டு நம் சென்னையிலே அச்சாயிற்று. ஊர் மண், ஊர்க் கை, ஊர்த் தேவை என்பதே இவ்வடுப்புகளின் உட்கருத்து.

நிற்க. நல்ல அடுப்பைக் கண்டுபிடிப்பது ஒன்று. அதனை வீடுதோறும் சேர்ப்பது வேறொன்று. 1974ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஏ. கே. என். ரெட்டி அவர்கள் தொடங்கிய ‘அஸ்திரா’ அமைப்பு, மூன்று வாய்களும் புகைபோக்கியும் கொண்ட ‘அஸ்திரா ஒலெ’யை உருவாக்கியது. 1980களின் நடுவில் இந்திய அரசு தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் நடத்தத் தொடங்கியது. நிலையான மண்ணடுப்பு குறைந்தது 20 விழுக்காடு வெப்பத்தையேனும் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. ஊர் இளைஞருக்கும் பெண்களுக்கும் பயிற்சியளித்து, கட்டும் அடுப்புக்கு இவ்வளவு என்று ஊதியமும் தந்தனர். அடுப்புக் கட்டுதல் ஒரு தொழிலாக மலரும் என்று நம்பினர். 2002ஆம் ஆண்டு மத்திய அரசு இத்திட்டத்தைக் கைவிட்டபோது, கட்டப்பெற்ற அடுப்புகள் 3 கோடிக்கு மேல் என்று கணக்குக் கூறியது. அவற்றுள் பல அதற்குமுன்பே பழுதுற்று மறைந்துவிட்டன.

காரணம் என்ன? ஊதியம் அடுப்பின் எண்ணிக்கைக்குக் கிடைத்ததேயன்றி அதன் ஆயுளுக்குக் கிடைக்கவில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் துடைப்பவர் யார்? வாய் விரிந்தால் பூசுபவர் யார்? ஒடிசாவில் நடந்த ஆராய்ச்சி ஒன்றை 2012ஆம் ஆண்டு எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியல் அறிஞர்கள் வெளியிட்டனர். புதிய அடுப்பால் முதல் ஆண்டில் குறைந்த புகை, பராமரிப்பின்மையால் பின்னர்ப் பழைய அளவுக்கே திரும்பியது என்பது அவர்கள் கண்ட முடிவு.

இதற்கு மாறான சான்றை நம் அண்டை நாடாகிய இலங்கையில் காண்கிறோம். 1980களில் அங்கு உருவான ‘அனகி’ என்னும் இரண்டு வாய்ச் சுட்ட களிமண் அடுப்பை ஊர்க் குயவர்களே வனைந்தனர். முதலில் அரசின் உதவி இருந்தது. பின்னர் அது கடைச்சரக்காகி, உதவித்தொகையின்றியே விற்பனையாயிற்று. குயவருக்குக் கூலி, வணிகருக்கு ஆதாயம், இல்லத்தாளுக்கு விறகுச் சிக்கனம் என மூவரும் பயன்பெற்றதனால் தொழில் நிலைத்தது.

தொழிலின் மற்றோர் ஆபத்தையும் நாம் அறிதல் வேண்டும். 2006ஆம் ஆண்டளவில் ஒரு பெரிய எண்ணெய் நிறுவனம் தமிழ்நாட்டிலும் மகாராட்டிரத்திலும் ‘ஊர்ஜா’ என்ற அடுப்பை ஊர்ப் பெண்கள் வாயிலாக விற்றது. நிலக்கடலைத் தொலி, கரும்புச் சக்கை போன்ற கழிவுகளை அழுத்திச் செய்த சிறுகட்டிகளே அதற்கு எரிபொருள். ஏறத்தாழ 4 இலட்சம் அடுப்புகள் விற்றன. ஆயினும் கழிவுகளின் விலை ஏற, கட்டிகளின் விலையும் ஏறியது. வீடுகள் பழைய விறகுக்குத் திரும்பின. கடலை விளையும் நம் திருத்தணிச் சீமைக்கு இது நல்ல பாடம். தொலி நம் களத்தில் கிடந்தாலும் அதன் விலை நம் கையில் இல்லாவிடில், அடுப்பு விற்றவரின் பிழைப்பும் நம் கையில் இல்லை.

இன்று 2016ஆம் ஆண்டின் உஜ்வலா திட்டத்தால் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கும் எரிவாயு கிடைத்திருக்கிறது. ஆயினும் உருளை விலை உயரும்போது விறகும் மீண்டும் எரிகிறது. நெடுஞ்சாலைச் சிற்றுண்டிக் கடைகளிலும் விறகடுப்பு ஓயவில்லை. 1993ஆம் ஆண்டு தோன்றிய பெங்களூர் ‘டைட்’ அமைப்பு, சிறுதொழில்களுக்கேற்ற அடுப்புகளை அமைத்ததோடு பெண்களுக்கும் அடுப்புக் கட்டும் தொழிலைக் கற்பித்தது. கொத்து வேலை ஆண்களுடையது என்ற எண்ணத்தை அப்பெண்கள் மாற்றினர். புகையை நன்கறிந்தவர் அவரே. ஆதலின் புகையை நீக்கும் தொழிலுக்கு உரிமையுடையவரும் அவரே.

மாணவர்களே, இவ்வரலாறு கூறும் செய்தி எளியது. இலவசமாய் வந்த அடுப்பு பழுதானால் கேட்பாரில்லை. ஊரிலேயே வாழும் ஒருவர் கட்டிய அடுப்பு பழுதானால் அவர் கதவைத் தட்டலாம். கட்டுதல், பழுது நீக்குதல், புகைபோக்கி துடைத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி அது தொழிலாகாது. வெப்பவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் காற்றோட்டமும் வெப்பக் கடத்தலும் தேர்வுக்கு மட்டும் உரியன அல்ல. உங்கள் வீட்டு அடுப்பின் முன் அமர்ந்து, புகை எங்கிருந்து எழுகிறது, எங்கே போகிறது என்று ஒருநாள் கூர்ந்து நோக்குங்கள். உங்கள் ஊரில் நாளை ஒருவருக்குப் பிழைப்பு அளிக்கும் அறிவு அங்கிருந்தே தொடங்கலாம்.